சிங்கப்பூர்க் கண்காட்சியும் கண் எழுதாத கண்ணனும்

ஊரில் மற்றவர்கள் ஆடி அமாவாசை பார்த்து இராமேசுவரம் போகிறார்கள். நான் கண்காட்சி பார்த்து ஊர் போகிறவன். சென்னையில் சித்திரக் கண்காட்சி என்று பத்திரிகையில் வந்துவிட்டால் என் கட்சிக்காரர்களின் வழக்குகளெல்லாம் வாய்தா வாங்கிக்கொள்ளும். கல்கத்தா என்றால் என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டுப் பிறந்தகம் போய்விடுவாள். கொழும்பு, இரங்கூன் என்று பதினோரு வருடமாக இப்படித்தான். நாகப்பட்டினம் கோர்ட்டில் எனக்கு ‘எக்ஸிபிஷன் வக்கீல்’ என்றே பெயர். போகிற இடமெல்லாம் ஒரு சிவப்பு அட்டை நோட்டுப் புத்தகம் என்னுடன் வரும். பரிசு வாங்கிய பொருள் எது, அதன் கீழே அட்டையில் இருக்கிற பெயர் எது, இரண்டையும் அதில் குறித்துக்கொள்வேன். இந்த நாட்டில் கலைஞர்களின் பெயர்களைக் காப்பாற்றி வைக்க நான் ஒருவனாவது இருக்கிறேனே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்குச் சிங்கப்பூரில் நடந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என்னோடு வந்தவர் தஞ்சாவூர்ச் சித்திரக்காரர் சீனிவாச ராஜு. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, கல்லும் தங்க ரேக்கும் பதித்துப் படம் செய்கிற பரம்பரை. சிராங்கூன் சாலையில் இருக்கிற ஒரு பஜனை மடத்தார் அவரிடம் வெண்ணெய்க் கண்ணன் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். அதே சமயம் அங்கே பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சும்மா இருப்பேனா? படம் முதலில் கண்காட்சிக்குப் போகட்டும், பரிசோடு மடத்துக்கு வரட்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் கடிதம் எழுதிச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டவனும் நான்தான்.

ராஜு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சாமி படத்தில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும். கண் திறக்கிற சாமி முதலில் பார்ப்பது மங்கலமாக இருக்க வேண்டும். எதிரே கண்ணாடி பிடிப்பார்கள், பசுவும் கன்றும் நிறுத்துவார்கள். கண் திறந்த பிறகு பெட்டியில் போட்டு மூடிக் கப்பலில் ஏற்றினால் பாவம் என்றார் ராஜு. ஆகவே கண் எழுதாமலே படத்தைக் கொண்டுபோவது, நடுவர்கள் வருகிற அன்று காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மண்டபத்திலேயே கண் திறப்பது என்று ஏற்பாடு. நேரம் தவறினால் அந்தப் படத்தை மடத்தில் ஏற்றக்கூடாது என்று மடத்தாரும் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

கப்பலில் ராஜு மூன்று நாள் படுத்தே கிடந்தார். அவருக்குத் தெம்பு வரட்டும் என்று என் நோட்டுப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். கொழும்பில் முதல் பரிசு பெற்ற யானைத் தந்தப் பெட்டி, இன்ன முதலியார். சென்னையில் தங்கப் பதக்கம் பெற்ற செதுக்குத் தேர், இன்ன ஜமீன்தார். ராஜு தலையைத் தூக்கினார்.

“ஜமீன்தாரா? அவரே உளி பிடிச்சாராங்க?”

“ஏன், ஜமீன்தாராகப் பிறந்தால் கலை வரக்கூடாதா?” என்று சீறினேன். அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் இறங்கியதும் முதல் சண்டை ரிக்ஷாவால் வந்தது. மனுஷன் இழுக்கிற வண்டியில் ஏறமாட்டேன் என்று ராஜு துறைமுகத்திலேயே நின்றுவிட்டார். நம் ஊரில் மனுஷர் தூக்குகிற பல்லக்கைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டேன். “பாத்திருக்கேன், அதுலயும் ஏறினதில்ல” என்றார். கடைசியில் படத்துப் பெட்டி மட்டும் ரிக்ஷாவில் ராஜா மாதிரி உட்கார்ந்து போயிற்று. நானும் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். இழுத்த சீனர் அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் போன இன்னொரு ரிக்ஷாக்காரரிடம் என்னவோ சொன்னார். “பெட்டி துரை, இவங்க ரெண்டு பேரும் பியூனாம்” என்று வழியில் நின்ற நாகூர்க்காரர் ஒருவர் எனக்கு அர்த்தம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

எங்களுக்கு இடம் கொடுத்தவர் பஜனை மடத்துத் தலைவர் அங்கமுத்து. சிராங்கூன் சாலையில் மாடு வைத்துப் பால் விற்பவர். தெருவே மாட்டுத் தெரு. எருமை, காளை, வைக்கோல் வண்டி, எண்ணெய்ச் செக்கு எல்லாம் பார்த்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று ராஜுவுக்கே சந்தேகம். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். கத்தரிக்காய்க் குழம்பும், சீனர் கடையில் வாங்கிய சோயாக் கட்டி வறுவலும், பிறகு மங்குஸ்தான் பழமும். அந்தப் பழத்துக்காக இன்னொரு தரம் கடல் தாண்டலாம். டுரியானுக்காக வாசலையும் தாண்ட மாட்டேன். ஆனால் காப்பி? பதினாறு மாடு கட்டியிருக்கிற வீட்டில் டின் பால் காப்பி கொடுத்தார்கள். கேட்டால், “நம்ம பாலு அம்புட்டும் விக்கிறதுக்குங்க. வீட்டுக்கு டின்னு போதும் லா” என்று அங்கமுத்து சிரித்தார். பேச்சின் வாலில் ஒரு ‘லா’ ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். பால்காரன் வீட்டிலேயே பால் இல்லை என்றால் கோபம் வருமா வராதா?

மறுநாள் படத்தை ஒப்படைக்கப் போனோம். கடற்கரை மைதானத்தை ஒட்டி ஒரு பெரிய மண்டபம், சுற்றிலும் ஓலைக் கொட்டகைகள். சென்னையில் சித்திரங்களுக்குத் தனிக்கூடம், தனி விளக்கு, நிற்கத் தனி விரிப்பு. இங்கே அன்னாசிக் குவியலுக்கும் இரப்பர்ப் பால் தகட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அதுதான் சித்திரப் பகுதி. அதற்கு நேர் எதிரே ஒரு வெள்ளைக்காரக் கடையின் வெண்ணெய் டின்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பின்பக்கத்துக் கொட்டகையில் பன்றிகள். அவற்றின் சத்தமும் வாசனையும் சித்திரப் பகுதிக்கு இலவசம்.

காரியதரிசி ஒரு துரை. சிவந்த மூக்கு, கையில் எந்நேரமும் கடிகாரம். படத்தைப் பார்த்தார். “கண் எங்கே?” என்றார். நாளை மறுநாள் காலை வரும் என்றேன். யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டார். நம் வழக்கத்தை அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினேன். கோர்ட்டில்கூட நான் அவ்வளவு நன்றாக வாதாடியதில்லை. அவர் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். ராஜுவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் பூர்த்தி செய்தேன். ‘காட்சிக்கு வைப்பவர்’ என்ற இடத்தில் கொண்டுவந்தவன் நான் என்பதால், சபாபதி, வக்கீல், நாகப்பட்டினம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பத்திரத்தையும் மூன்று தரம் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்கிறவன் நான்.

பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து அட்டைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார். முனுசாமி என்று பெயர், கடைப் பலகை எழுதுகிறவர், கண்காட்சிக்காகக் கூலிக்கு வந்திருக்கிறார். ராஜு படத்தை மாட்டும்போது அவர் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த மண்டபத்தில் அன்று எனக்குப் பிடித்த காட்சி அது ஒன்றுதான்.

இடையில் ஒரு நாள் ஊர் சுற்றினோம். டிராம் வண்டியைக் கண்டதும் ராஜு ஏறிக்கொண்டார். இழுக்க ஆள் இல்லை என்பதால் அவருக்கு அதில் பாவம் தெரியவில்லை. பாதி வழியில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ள, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். இறங்கி ராவுத்தர் கடை ஒன்றில் தேத்தண்ணீர் குடித்தோம். “கண்ணே இல்லாத சாமி ஒண்ணு வந்திருக்காம்யா, போய்ப் பாக்கணும்” என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். நாளைக்கு வந்தால் கண்ணோடு பார்க்கலாம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அந்த ‘நாளை’யும் வந்தது. விடியலிலேயே குளித்துப் புறப்பட்டோம். ராஜு கையில் அணில் முடித் தூரிகையும் மைக் கிண்ணமும். என் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. மடத்தார் நாலு பேர் தாளம் தட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் அங்கமுத்து, அவர் வீட்டு இலட்சுமி என்கிற பசு, அதன் கன்று. பசுவை நடத்திக்கொண்டு போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. ரோச்சோர் வாய்க்கால் பாலத்தில் கன்று பால் குடிக்க நின்றுவிட்டது. பசுவும் நின்றது. பின்னால் டிராம் மணி அடித்தது. சீக்கியப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எங்களைத் திட்டினார். அவரிடம் சட்டம் பேசப் போய் நான் இன்னும் பத்து நிமிஷத்தைக் கெடுத்தேன்.

கண்காட்சி வாசலில் மணி எட்டேகால். வாசல் குமாஸ்தா பசுவைப் பார்த்தார். மாடுகள் அந்த வழி, என்றார். இது காட்சிக்கு வந்த மாடு இல்லை, கிருஷ்ணர் பார்க்க வந்த மாடு என்றேன். என் ஆங்கிலத்தில் அது சரியாக விழவில்லை போலும். படிவம் எழுதாமல் எந்த மாடும் உள்ளே போகாது என்று அவர் சாதித்தார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில் எழுதித் தொலைத்தேன். ‘காட்சிக்கு வைப்பவர்: அங்கமுத்து’. இதே படிவத்தைத்தான் படத்துக்கும் எழுதினேன் என்பது கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை. இலட்சுமியின் கழுத்தில் எண் அட்டை கட்டி மாட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கன்று அலறியது. அங்கமுத்து பின்னாலேயே ஓடினார். பசு இல்லாமல் கண் திறப்பது எப்படி என்று நாங்களும் ஓடினோம். பசுவை விட்டுவிட்டு நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதாக ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ.

சுவரில் கண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜு கையிலிருந்த மைக் கிண்ணம் கீழே விழுந்தது. யாரோ கண் எழுதியிருக்கிறார்கள்! ஆறு மாதம் ஒரு மனுஷன் பத்தியம் இருந்து செய்த படத்தில், வேறு எவனோ! படத்துக்குக் கீழே முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விரலில் மை. நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கடைப் பலகையில் மீன் எழுதுகிற கைக்குச் சாமி கண் கேட்கிறதா என்றுகூடக் கேட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

“அடிக்கிறதுன்னா அடிங்க. ஆனா கேட்டுட்டு அடிங்க. எட்டரைக்குத் துவான் வந்தாரு” என்றார். துவான் என்றால் இங்கே துரை. “முடியாத படம் சுவத்துல இருக்கக்கூடாது, ஒன்பது மணிக்கு ஜட்ஜுங்க வர்றாங்க, நீ கண்ணை எழுது, இல்லாட்டி கழட்டிப் பின்னால போடுன்னாரு. பின்னாலன்னா பன்னிக் கொட்டாய்ங்க. நான் முடியாதுன்னேன். ஆள விட்டுக் கழட்டச் சொன்னாரு. அவங்க ஆணியில கையே வெச்சுட்டாங்க.”

“அதனால்?” என்றேன்.

“வாசல்ல ஓடிப்போய்ப் பாத்தேன், உங்களக் காணோம். மாட்டுக் கொட்டாய்ப் பக்கமா ஏதோ சத்தம் கேட்டுச்சு. நல்ல நேரம் போய்ட்டே இருக்கு. பன்னி முகத்துல விழிக்கிறதா சாமி? காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல நான், உங்க பூசையப் பாக்கலாம்னு வெறும் வயித்தோட வந்தவன். குழாயில தலைக்கு ஊத்திக்கிட்டேன். எதிர்க் கடைப் பையன் ஒரு டின்னு வெண்ணெய ஒடச்சுக் குடுத்தான். கண்ணாடி இல்ல. அந்த மூடியத் துடைச்சேன், பளபளன்னு இருந்துச்சு. அத அவரு முகத்துக்கு நேரா நிறுத்திட்டுத்தான் எழுதினேன்.”

அப்போதுதான் பார்த்தேன். படத்துக்கு எதிரே ஒரு கவிழ்த்த பெட்டி மேல் திறந்த வெண்ணெய் டின். அதில் சாய்த்து வைத்த தகர மூடி. மூடியில் கண்ணனுடைய முகம் கலங்கலாகத் தெரிந்தது.

ராஜு படத்துக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு முனுசாமியிடம் திரும்பினார்.

“எந்தக் கண்ணு முதல்ல?”

“வலதுங்க.”

“மணி?”

“ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சுங்க.”

ராஜு டின்னில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. “என்னய்யா, உப்பு வெண்ணெய்!”

இலட்சுமியைக் கட்டிவிட்டு மூச்சு வாங்க வந்த அங்கமுத்துவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். மடத்தார் கூடிப் பேசினார்கள். வேறு கை எழுதினது ஆகுமா, உப்பு வெண்ணெய் ஆகுமா என்று இரண்டு கட்சியானது. என்னைக் கேட்டிருந்தால் ஆகாது என்று சொல்லிக் காரியதரிசி மேல் வழக்கே போட்டிருப்பேன். என்னைக் கேட்கவில்லை. ராஜுவைக் கேட்டார்கள்.

“நான் எழுதியிருந்தா இவ்ளோ பெரிசா எழுதியிருக்க மாட்டேன்” என்றார் ராஜு. “ஆனா இது திறந்த கண்ணுங்க. மூட எனக்கு அதிகாரம் இல்ல.”

அங்கமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நாம எல்லாம் கடல் தாண்டி வந்து உப்புத் தின்னவங்கதான லா. அவரும் தின்னுட்டாரு. நம்ம மடத்துக்குத்தான் வராரு.” விஷயம் அதோடு முடிந்தது. எல்லாருக்கும் மனம் ஆறிவிட்டது, எனக்கு மட்டும் ஆறவில்லை.

மறுநாள் பரிசு அட்டைகள் தொங்கின. வெண்ணெய்க் கண்ணனுக்கு முதல் பரிசு. ‘கண்களின் உயிர்ப்பு சிறப்பாகப் பாராட்டத்தக்கது’ என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். அதன் கீழே பொன் எழுத்தில் ஒரு பெயர்: சபாபதி, நாகப்பட்டினம்.

ராஜுவுக்கு ஆங்கிலம் தெரியாததால், “யாரு பேருங்க போட்டிருக்கு?” என்று கேட்டார். முனுசாமி எழுத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அந்த அட்டையை எழுதியவரே அவர்தான். தம் கையால் எழுதின கண்ணுக்குக் கீழே, தம் கையாலேயே என் பெயரை எழுதியிருக்கிறார்.

காரியதரிசியின் மேஜைக்குப் போனேன். இவ்வளவு அக்கிரமம் எந்த ஊரிலாவது உண்டா என்று மேஜையைத் தட்டினேன். செய்தவர் ஒருவர், கண் எழுதியவர் ஒருவர், தூரிகை பிடிக்கவே தெரியாதவனுக்குப் பரிசா என்று கேட்டேன். அவர் பொறுமையாக என் படிவத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார்.

“காட்சிக்கு வைத்தவருக்குத்தான் பரிசு. உங்கள் பால்காரரின் பசுவுக்கும் பாராட்டு அட்டை கொடுத்திருக்கிறோம், அவர் பெயரில்தான். பசுவை அவரா செய்தார்?” என்றார். பிறகு, “எல்லா ஊரிலும் இதே விதிதான். நீங்கள் பல கண்காட்சிகள் பார்த்தவர் என்று சொன்னீர்களே, உங்களுக்குத் தெரிந்திருக்குமே” என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கொழும்பு முதலியார், சென்னை ஜமீன்தார், கல்கத்தாவில் ஒரு ராஜா, இரங்கூனில் ஒரு மர வியாபாரி என்று ஒவ்வொரு முகமாக அந்த மேஜைக்கு முன்னால் எனக்குத் தோன்றியது. அத்தனை பேரும் என்னைப் போல நோகாமல் நோன்பு கும்பிட்டவர்கள்! படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்! கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதைக் கொட்ட எதிரே என் கையெழுத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

படம் மடத்துக்குப் போயிற்று. ராஜுவும் முனுசாமியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஆணியில் மாட்டினார்கள். பரிசு அட்டையையும் கீழே மாட்டுவோம் என்றார்கள் மடத்தார். நான் மறுத்தேன். பரிசு வாங்கினவருக்கு என்ன கூச்சம் என்று கேட்டு என்னை மீறி மாட்டியும் விட்டார்கள். போகிற வருகிறவர்கள் கண்ணனைக் கும்பிட்டுவிட்டு எனக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். அன்றைய பஜனை முழுக்க என் முகம் எரிந்தது.

திரும்பி வருகிற கப்பலில் ராஜு படுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சிவப்பு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பெயர்களை அடித்துக்கொண்டே வந்தேன்.

“அந்தத் தேர் செஞ்சது யாருங்க அப்ப?” என்று அவர் கேட்டார்.

தெரியாது என்றேன். தந்தப் பெட்டி? அதுவும் தெரியாது. பதினோரு வருடத்துப் பக்கங்களில் அடித்த பெயர்களுக்குப் பக்கத்தில் எழுத எனக்கு ஒரு பெயரும் இல்லை. நான் போய் நின்ற கூடங்களில் அட்டை எழுதுகிறவர்களும் ஆணி அடிக்கிறவர்களும் சுவரோரம் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையாவது இதைச் செய்தது யார் என்று நான் கேட்டதில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், வெண்ணெய்க் கண்ணன், சிங்கப்பூர் என்று எழுதி, அதற்கு எதிரே இரண்டு பெயர்களை எழுதினேன்.